லின்னேயஸும் ஏழு தலை நாகமும்

ஜெர்மானியத் துறைமுகங்களுள் சிறந்ததாகிய ஹாம்பர்க் நகரில், 1735ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில், செல்வாக்கு மிக்க ஒருவரது இல்லத்தில் விந்தைப் பொருள் ஒன்று போற்றி வைக்கப்பட்டிருந்தது. அஃது ஏழு தலைகளையுடைய நாகம் ஒன்றன் பாடம் செய்யப்பெற்ற உடல். ஏழு கழுத்துகளும் ஓருடலினின்று கிளைத்து வளைந்து நின்றன. ஒவ்வொரு வாயிலும் கூரிய பற்கள் வரிசையாக விளங்கின. உடலின் கீழே நகங்களோடு கூடிய இரண்டு கால்கள் இருந்தன. பண்டைக் கிரேக்கர் தம் கதைகளில் ஹைட்ரா எனக் கூறிய பல தலைப் பாம்பு இதுவே என்று கண்டோர் வியந்தனர். 1648இல் பிராக் நகரத் தேவாலயம் ஒன்றினின்று போர்க்கொள்ளையாகக் கொண்டுவரப்பட்டது என்பது அதன் வரலாறு. டென்மார்க் நாட்டு அரசரே பெருந்தொகை தந்து அதனை வாங்க விரும்பினார் என்றும் கூறப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரில் மருந்து வணிகம் செய்தவரும், உயிர்ப்பொருள்களைத் திரட்டுவதில் புகழ் பெற்றவருமான ஆல்பர்ட் செபா, 1734இல் வெளியிட்ட தம் பெருநூலில் இந்நாகத்தின் படத்தையும் சேர்த்திருந்தார். அவரும் முதலில் ஐயுற்றவரே. பின்னர் நம்பத் தக்கோர் கூறிய உறுதிமொழியை ஏற்றுக்கொண்டார்.

இந்நாகத்தைக் காண வந்தோருள் சுவீடன் நாட்டு இளைஞர் ஒருவரும் இருந்தார். அவருக்கு வயது 28 நிரம்பவில்லை. மருத்துவப் பட்டம் இன்னும் பெறவில்லை. கையிலிருந்த பொருளோ மிகச் சிறிது. அவர்தாம் பிற்காலத்தில் உலகின் உயிரினங்கட்கெல்லாம் பெயர் வகுத்த கார்ல் லின்னேயஸ் ஆவார். ஏனையோர் தலைகளை எண்ணி வியந்து நிற்க, அவர் பற்களை உற்று நோக்கினார். பாம்பின் பல் ஒருவகை. பாலூட்டும் விலங்கின் பல் வேறொருவகை. நாகத்தின் ஏழு வாயிலும் இருந்தவை வீசல் என்னும், கீரியை ஒத்த சிறு விலங்கின் தாடைகள். கால்களும் அவ்விலங்கினுடையவே. அவற்றின்மேல் பாம்புத் தோல்கள் இணைப்புத் தெரியாமல் ஒட்டப்பட்டிருந்தன. கிறித்தவ மறையின் இறுதி நூலில் கூறப்படும் ஏழு தலை நாகத்தைக் காட்டி மக்களை அச்சுறுத்தும் பொருட்டு முற்காலத் துறவியர் எவரேனும் இதனைச் செய்திருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார்.

கருதியதை மனத்துள் வைத்துக்கொண்டு அவர் போயிருக்கலாம். அந்நகரத்தார் அவரை அன்புடன் வரவேற்றிருந்தனர். செய்தித்தாள்களும் அவரைப் பாராட்டின. பணமும் துணையுமின்றி அயல் நாட்டில் இருந்த ஓர் இளைஞருக்குப் பெரியோரின் நல்லெண்ணம் எத்துணை இன்றியமையாதது! ஆயினும் அவர் கண்டதை வெளிப்படக் கூறினார். நாகத்தின் விலை வீழ்ந்தது. அதனை விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என்றிருந்தோரின் சினம் தம்மேல் பாயும் என்றஞ்சி, லின்னேயஸ் விரைவில் அந்நகரை விட்டு நீங்கினார்.

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் ஸ்மாலண்ட் என்னும் மாநிலம் உள்ளது. அங்கு ராஷுல்ட் என்னும் சிற்றூரில் 1707ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் லின்னேயஸ் பிறந்தார். தந்தையார் நில்ஸ், ஒரு கிறித்தவ குரு. அவர்தம் குடும்ப நிலத்தில் நின்ற பழமையான லிண்டன் மரம் ஒன்றன் பெயரினின்றே லின்னேயஸ் என்னும் குடிப்பெயரை அமைத்துக்கொண்டார். அவர் தோட்டக் கலையில் பெருவிருப்புடையவர். ஆதலின் மகன் நடை பழகிய இடமும் பேச்சுப் பழகிய இடமும் பூஞ்செடிகளின் நடுவே அமைந்தன. மகனையும் குருவாக்க வேண்டுமென்பது பெற்றோரின் அவா. ஆனால் வெக்சு என்னும் ஊர்ப் பள்ளியில் பையன் சமய நூல்களைப் புறக்கணித்துச் செடி தேடித் திரிந்தான். இவனைக் கைத்தொழில் ஏதேனும் பயில விடுதலே தக்கது என்று ஆசிரியர்கள் தந்தையாரிடம் கூறிவிட்டனர். அந்நிலையில் அவ்வூர் மருத்துவர் ரோத்மான் என்பார் முன்வந்து, பையனைத் தம் இல்லத்திலேயே வைத்துக் கற்பிப்பதாக வாக்களித்தார். அவர் மட்டும் குறுக்கிடாதிருந்தால், சுவீடன் நாட்டுக்குச் செருப்புத் தைப்பவர் ஒருவர் கூடுதலாகக் கிடைத்திருப்பார்!

1727இல் லின்னேயஸ் லுண்ட் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கு ஸ்டோபேயஸ் என்னும் மருத்துவரின் இல்லத்தில் தங்கினார். அவர்தம் நூல்களை இரவில் கள்ளத்தனமாக எடுத்து, மெழுகுவத்தி ஒளியில் படித்து, விடியுமுன் இருந்த இடத்தில் வைத்துவிடுவார். இளைஞன் விளக்கை எரியவிட்டு உறங்குகிறான் போலும், வீடு தீப்பற்றுமே என்று அஞ்சிய ஸ்டோபேயஸின் அன்னையார் இதனை மகனுக்கு உணர்த்தினார். நள்ளிரவில் வந்து பார்த்த ஸ்டோபேயஸ் சினவாமல், நூல்களைப் பகலிலேயே படிக்க இசைவளித்தார்.

லுண்டில் இருந்தபொழுது நேர்ந்த துன்பம் ஒன்றையும் இங்கே கூறுதல் வேண்டும். 1728ஆம் ஆண்டுக் கோடையில் செடிகளைத் தேடி வயல்வெளிக்குச் சென்றிருந்த லின்னேயஸின் கையில் ஏதோ ஒன்று கடித்தது. கடித்தது இன்னதென்று அவர் காணவில்லை. கை வீங்கிச் சீழ்பிடித்து உயிருக்கே இறுதி வந்துவிட்டது என்னுமளவுக்கு நோய் முற்றியது. அறுவை மருத்துவர் கையைக் கீறிச் சீழை அகற்றிய பின்னரே அவர் பிழைத்தார். அவ்வேதனை அவர் உள்ளத்தை விட்டு என்றும் நீங்கவில்லை. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

அவ்வாண்டிலேயே அவர் உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கு வறுமை அவரை வாட்டியது. கிழிந்த காலணியில் தாளை மடித்து வைத்து நடந்தார். தாவர இயலில் ஆர்வமுடைய ஓலோப் செல்சியஸ் என்னும் பெரியார் அவர்தம் அறிவைக் கண்டு வியந்து, உண்டியும் உறையுளும் தந்து ஆதரித்தார். 1732இல் அவர் வடதுருவத்தை அடுத்த லாப்லாந்து நிலத்தில் பல மாதங்கள் தனியே பயணம் செய்து, அதுவரை எவரும் எழுதாத செடிகள் பலவற்றைக் குறித்துக்கொண்டு வந்தார். பின்னர் மருத்துவர் ஒருவரின் மகளாகிய சாரா எலிசபெத் மொரேயா என்னும் நங்கையை மணக்க விரும்பினார். பட்டம் பெற்று வந்த பின்னரே திருமணம் என்பது பெண்ணின் தந்தையார் கருத்து. சுவீடன் மாணவர் மருத்துவப் பட்டத்துக்கு அயல் நாடு செல்வதே அக்கால வழக்கம். அங்ஙனம் டச்சு நாட்டுக்குப் போகும் வழியிலேதான் ஹாம்பர்க் நகரில் அவர் அந்த நாகத்தைக் கண்டார்.

டச்சு நாட்டு ஹார்டர்விக் பல்கலைக்கழகத்தில் சில நாட்களிலேயே பட்டம் கிடைத்தது. ஆயின் அவர் பெட்டியில் பட்டத்தினும் அரிய பொருள் ஒன்று இருந்தது. அஃது அவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படி. லைடன் நகரத்துக் குரொனோவியஸ் என்னும் அறிஞர் அதனைப் படித்து, தம் பொருளைச் செலவிட்டு அச்சேற்ற முன்வந்தார். இயற்கையின் ஒழுங்குமுறை என்று பொருள்படும் பெயருடன் 1735இன் இறுதியில் அது வெளிவந்தது. பெரிய தாள்கள் சிலவே கொண்ட மெல்லிய நூல் அது. கல், செடி, விலங்கு என்னும் மூவகைப் பொருள்களும் அதில் அட்டவணைகளாக வகுக்கப்பட்டிருந்தன.

அந்நூலின் விலங்கு அட்டவணையில், உலகம் நம்பியும் ஒழுங்குக்குள் அடங்காத உயிர்கட்கென்று லின்னேயஸ் ஒரு தனியிடம் ஒதுக்கினார். முரண்பாடுகள் என்னும் பொருள்படும் தலைப்பின்கீழ்ப் பத்து உயிர்களை அங்கே நிறுத்தினார். ஹாம்பர்க் நாகம் முதலாவது. அவற்றைப் பொய்யென்று கூறித் தள்ளிவிடுதல் எளிது. லின்னேயஸ் அவ்வளவில் நில்லாது, எந்த மெய்ப்பொருளைக் கண்டு மாந்தர் இதனைக் கற்பித்தனர் என்று வினவினார்.

ஒற்றைக் கொம்புக் குதிரையை எடுத்துக்கொள்வோம். நெற்றியில் முறுக்கிய நீண்ட கொம்பு ஒன்றுடைய வெண்குதிரை காட்டில் உலவுகிறது என ஐரோப்பிய மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பினர். அக்குதிரையைக் கண்டவர் எவருமிலர். ஆனால் கொம்பைக் கண்டவர் பலர். அரசர்தம் கருவூலங்களில் அக்கொம்புகள் இருந்தன. நஞ்சை முறிக்கும் என்று கருதி அதன் பொடியைப் பொன்னினும் மிக்க விலைக்கு வாங்கினர். உண்மையில் அது கொம்பே அன்று. வடதுருவக் கடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கில இனத்தின் பல் அது. ஆண் நார்வாலின் மேல்தாடையில் இடப்புறப் பல் ஒன்று உதட்டைத் துளைத்துக்கொண்டு, கயிறுபோல முறுக்கி, 10 அடி நீளம் வரையிலும் வளரும். கிரீன்லாந்துக் கடற்பகுதியினின்று பல் மட்டுமே தெற்கே வந்தது. அதற்குரிய விலங்கு வரவில்லை. வந்த உறுப்புக்கு ஏற்ற உடலை மக்களின் கற்பனை வரைந்துகொண்டது. டென்மார்க் அறிஞர் ஓலே வோர்ம் என்பார் 1638இலேயே நார்வாலின் மண்டையோட்டைக் கொண்டு இதனை மெய்ப்பித்திருந்தார். அவர் கூறியதன் பின்னும் டென்மார்க் அரசர்க்கு அப்பற்களைக் கொண்டே ஓர் அரியணை அமைக்கப்பட்டது. அதனை இன்றும் கோபன்ஹேகன் நகரில் காணலாம். லின்னேயஸ் தம் அட்டவணையில் ஒற்றைக் கொம்பனை நார்வாலோடு சேர்த்துரைத்து வழக்கை முடித்தார்.

செடியில் காய்க்கும் ஆட்டுக்குட்டி இன்னொன்று. தார்த்தாரி நாட்டில் ஒருவகைச் செடியின் தண்டு நுனியில் உயிருள்ள ஆட்டுக்குட்டி வளர்கிறதென்றும், கொப்பூழ் தண்டோடு பிணைந்திருக்க அது சுற்றிலுமுள்ள புல்லை மேய்கிறதென்றும், புல் தீர்ந்ததும் மாய்ந்துவிடுகிறதென்றும் கூறினர். சான்றாகப் பொன்னிற மயிர் அடர்ந்து நான்கு கால்களுடன் கூடிய சிறு உருவங்களையும் கீழ்த்திசையினின்று கொண்டுவந்து காட்டினர். 1698இல் லண்டன் அறிஞர் ஹான்ஸ் ஸ்லோன் அத்தகைய உருவம் ஒன்றை ஆராய்ந்து, அது பெரணிச் செடியின் தடித்த தண்டு என்று கண்டார். அத்தண்டில் கம்பளி போன்ற மயிர் இயற்கையாகவே உண்டு. இலைக் காம்புகள் நான்கை மட்டும் கால்கள் போல நறுக்கிவிட்டுத் தலைகீழாக நிறுத்தினால் குட்டியாகிவிடும்! லின்னேயஸும் அதனைத் தாவரங்களோடு சேர்த்தார். பஞ்சு காய்க்கும் இந்தியப் பருத்திச் செடியைப் பற்றி மேலைநாடுகட்குச் சென்ற அரைகுறைச் செய்தியே இக்கதையின் வித்து என்று பிற்காலத்து எழுதியோரும் உளர். கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் இந்தியாவில் மரங்களில் கம்பளி காய்ப்பதாக எழுதியிருத்தலை நோக்க, அது முற்றிலும் பொருந்தாக் கூற்று அன்று.

மரத்திலே பிறக்கும் வாத்தின் கதை இவற்றினும் சுவையுடையது. பிரிட்டன் தீவுகளின் கரையில் குளிர்காலந்தோறும் ஒருவகை வாத்துகள் திரள் திரளாக வந்திறங்கும், கோடையில் மறைந்துவிடும். அவற்றின் கூட்டையோ முட்டையையோ குஞ்சையோ அங்கு எவரும் கண்டதில்லை. அதே கரையில் கடலலை ஒதுக்கும் மரத்துண்டுகளில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவற்றின் தண்டு வாத்தின் கழுத்தை ஒக்கும். ஓட்டின் வடிவு பறவையின் அலகை நினைவூட்டும். ஓடு திறந்தால் உள்ளிருந்து இறகு போன்ற இழைகள் வெளிப்படும். பெற்றோர் தெரியாத வாத்து ஒரு புறம்; இறகு போன்ற இழையுடன் தொங்கும் உயிர் மறுபுறம். இரண்டையும் இணைத்து, கடலில் அழுகும் மரத்தினின்றே இவ்வாத்து பிறக்கிறது என முடிவு செய்தனர். நோன்பு நாட்களில் புலால் உண்ணாதோர் சிலர், இது முட்டையில் பிறவாதது, ஆதலின் புலாலன்று என்று வாதிட்டு இவ்வாத்தை உண்டதும் உண்டு. நாவுக்கு இசைந்த தவறு எளிதில் அழியாது போலும்! அவ்வாத்துகள் வடதுருவ நிலங்களில் கூடு கட்டுகின்றன. அவ்விழைகளோ நீரிலுள்ள நுண்ணிய உணவைத் துழாவிப் பற்றும் கால்கள். இழைகளின் தோற்றமே முன்னோரை ஏமாற்றியது என லின்னேயஸ் எழுதினார்.

பிறவற்றைச் சுருங்கக் கூறுவோம். சிறகுடைய நாகம் என்று விற்கப்பட்டவை, திருக்கை மீனை அறுத்து வளைத்து உலர்த்திச் செய்த உருவங்கள், அல்லது ஓணான் போன்றவை. தன் சாம்பலினின்று தானே எழும் பீனிக்ஸ் பறவை, பேரீச்ச மரத்தைப் பற்றிய செய்தியின் திரிபு. ஆட்டுக்கால் மனிதன் உண்மையில் இருந்திருப்பின் அது வாலில்லாக் குரங்கு அல்லது அதன் இனம். தன் மார்பைக் கொத்திக் குருதியூட்டும் கூழைக்கடாவின் கதைக்கு அதன் தொண்டைப் பையே காரணம். நள்ளிரவில் சுவரினின்று எழும் டிக் டிக் ஒலி சாவை அறிவிக்கும் என்று நோயாளியின் வீட்டார் நடுங்கினர். அது சிறு பூச்சி ஒன்று எழுப்பும் ஓசையே. தென் அமெரிக்காவில் தவளை மீனாக மாறுகிறது என்பதும் ஒரு கதை. அங்குள்ள ஒருவகைத் தவளையின் தலைப்பிரட்டை, வளர்ந்த தவளையைக் காட்டிலும் மும்மடங்கு நீளமுடையது. பெரியது சிறியதாக மாறும் என எவர் எண்ணுவர்? ஆதலின் முறையைத் தலைகீழாக்கிவிட்டனர்.

இவற்றுள் வேண்டுமென்றே செய்த வஞ்சகம் சிலவே. நாகமும் திருக்கையும் அத்தகையன. ஏனைய எல்லாம் கண்ணால் கண்டதற்குக் காரணம் காண முயன்றோர் தவறிய இடங்கள். மரத்தில் வாத்து பிறக்கிறது என்றவனும் கூர்ந்து நோக்கியவனே. அவன் பார்க்காதது கூடு மட்டுமே. 1748இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் இப்பகுதியையே லின்னேயஸ் நீக்கிவிட்டார்.

1738இல் தாயகம் திரும்பிய அவர், மறு ஆண்டு சாராவை மணந்தார். 1741இல் உப்சாலாவில் பேராசிரியரானார். இரு சொற்களால் ஓர் உயிரினத்தைக் குறிக்கும் முறையைத் தாவரங்கட்கு 1753இலும், விலங்குகட்கு 1758இலும் நிலைநாட்டினார். அவர்தம் மாணவர் பலர் உலகின் பல பகுதிகட்கும் சென்று உயிர்ப்பொருள்களைத் திரட்டினர். அவருள் சிலர் திரும்பவேயில்லை. அரசர் அவருக்கு உயர்குடிப் பட்டம் அளித்துச் சிறப்பித்தார்.

இத்துணைப் பொய்களைக் களைந்த பேரறிஞர் தாமும் வழுவினார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் மனித இனத்துக்கு இன்று நாம் வழங்கும் பெயரைச் சூட்டிய அவர், அதன் அருகிலேயே குகையில் வாழ்ந்து இரவில் உலவும் மற்றொரு மனித இனத்தையும் வைத்தார். பயணிகள் குரங்குகளைப் பற்றியும், உடல் நிறமற்றுப் பிறந்த மக்களைப் பற்றியும் கூறிய செய்திகளைக் கலந்து நம்பியதன் விளைவு அது. குளிர்காலத்தில் தகைவிலான் குருவிகள் ஏரியின் அடியில் உறங்குகின்றன என்பதையும் அவர் ஏற்றிருந்தார்.

இவை பிறர் சொல்லை நம்பியதால் வந்தவை. மூன்றாவது வழு அவர்தம் உடம்பினின்றே பிறந்தது. லுண்டில் தம் கையைக் கடித்தது யாது என்னும் வினா முப்பது ஆண்டுகள் அவரை விடவில்லை. சுவீடனின் வடபகுதிச் சதுப்பு நிலங்களில் நுண்ணிய புழு ஒன்று வானினின்று விழுந்து, மாந்தர் உடலிலும் கால்நடைகளின் உடலிலும் ஊடுருவிக் கொடிய வேதனை தந்து கொல்லும் என்று மக்கள் கூறினர். அதுவே தம்மையும் தாக்கியது என்று லின்னேயஸ் தெளிந்தார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில், நரகத்தின் சீற்றம் என்று பொருள்படும் பெயரிட்டு, அதனைப் புழுக்களின் வரிசையில் சேர்த்தார். அவர்தம் மாணவர் ஒருவரும் அதனைப் பற்றி எழுதினார். அத்தகைய புழு உலகில் இல்லை. ஏதோ பூச்சி கடித்த புண்ணில் நச்சுக் கிருமிகள் புகுந்து கை வீங்கியிருத்தல் கூடும். ஏழு தலை நாகத்தின் பற்களை எண்ணிய கண், தன் கையின் வடுவை நோக்கியபொழுது கலங்கிவிட்டது. வேதனை மெய், அதற்குக் கற்பித்த உயிர் பொய். வாத்தும் கொட்டலசும் கண்டு மயங்கியோரும் இவ்வழியே சென்றவர் அன்றோ!

1774இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. நினைவும் சொல்லும் படிப்படியாகத் தளர்ந்தன. 1778ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். உப்சாலா பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் திரட்டிய செடிகளையும் பூச்சிகளையும் மீன்களையும் நூல்களையும் ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் என்னும் ஆங்கிலேய இளைஞர் 1784இல் விலைக்கு வாங்கினார். 1788இல் லண்டனில் லின்னேயஸின் பெயரால் நிறுவப்பெற்ற கழகம் அவற்றை இன்றும் காத்து வருகிறது.

பேரீச்ச மரத்தின் அறிவியற் பெயரில் பீனிக்ஸ் என்னும் சொல்லை லின்னேயஸ் அமைத்தார். நார்வாலின் பெயரில் ஒற்றைக் கொம்பன் என்னும் சொல் உள்ளது. கிளைக்குக் கிளை தாவி இறங்கும் பறக்கும் ஓணானுக்கு டிராகன் என்னும் நாகத்தின் பெயரை ஈந்தார். அவ்வினத்துப் பல்லிகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. கடலோர மரத்துண்டுகளில் தொங்கும் கொட்டலசுக்கு அவர் 1758இல் இட்ட பெயர், வாத்தை ஈனுவது என்று பொருள்படும். வாத்து அதில் பிறப்பதில்லை என்று எழுதியவரே அப்பெயரைத் தேர்ந்தார். அறிவியலார் இன்றும் அதனை அப்பெயராலேயே அழைக்கின்றனர்.